படிகம் சீரானால்தான் படம் தெளிவாகும்

கற்கண்டு காய்ச்சுவதில் அவசரம் கூடாது. பாகு மெல்ல ஆறினால்தான் கட்டி பெரிதாகவும் தெளிவாகவும் விளையும். புரதங்களைப் படிகமாக்கும் விஞ்ஞானிகளுக்கும் இதே நிலைதான். ஆனால் அவர்களின் வேலை கற்கண்டைவிடப் பன்மடங்கு கடினமானது.

எதற்காகப் படிகம்? எக்ஸ்ரே கதிரை ஒரே ஒரு மூலக்கூறின் மீது பாய்ச்சினால் சிதறும் கதிர் மிகச் சொற்பம். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே முகமாக அணிவகுத்து நிற்கும்போதுதான் அந்தச் சிதறல் ஒன்றுகூடிப் புள்ளிகளாகப் பதிவாகிறது. அணி கலைந்தால் படமும் கலங்கிவிடும். புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர் என்பதால் உலர்ந்தாலே அணி குலைந்துவிடும். 1934இல் பெர்னலும் டோரதி குரோபுட்டும் பெப்சின் படிகத்தை உலரவிடாமல், அது வளர்ந்த திரவத்தோடு வைத்துப் படமெடுத்த பிறகே இது உறுதியானது.

இத்துறையில் மிகப் பெரிய சோதனை, உயிரணுவில் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோம். அதைப் படிகமாக்க முடியும் என்று பலரும் நம்பவில்லை. இஸ்ரேலிய விஞ்ஞானி அடா யோனத் வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார். அதன் ரைபோசோம் எளிதில் சிதையாது என்பது அவர் கணக்கு. 1980இல் படிகம் கிடைத்தது. ஆனால் கதிர் பட்டதுமே அது கெட்டுப்போனது. பின்னர் ஏறத்தாழ மைனஸ் 185 டிகிரி செல்சியஸுக்குச் சட்டென உறையவைத்ததில் படிகம் தாக்குப்பிடித்தது. நீர் பனிக்கட்டியாக விரிந்து படிகத்தை உடைக்காதபடி மிக வேகமாகக் குளிர்விப்பதே இதன் நுட்பம்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் கண்ட தடை வேறு. ரைபோசோமின் சிறிய பகுதியில் எஸ்1 என்ற புரதம் சில துகள்களில் ஒட்டியிருந்தது, சிலவற்றில் இல்லை. உருவம் ஒன்றாக இல்லாதவை எப்படி வரிசையில் நிற்கும்? எஸ்1 புரதத்தை முன்கூட்டியே நீக்கியபின் படிகத்தின் தரம் உயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அவரது குழு 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் படத்தை வெளியிட்டது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு! அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸ், யோனத், ராமகிருஷ்ணன் மூவரும் 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவின் ரைபோசோமில் எந்த இடத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதும் அதே 2000ஆம் ஆண்டில், அதே படிகங்களின் வழியாகவே தெரிந்தது. அவ்விடத்திலுள்ள எஸ்12 என்ற புரதத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலே மருந்து பிடிகொள்ளாது. அந்தக் கிருமிக்கு வேறு மருந்துதான் தேட வேண்டும்.