பச்சைப் பட்டனும் ஐந்து பெரியவர்களும்

'எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடுங்கள்' என்று யாராவது ஃபாரத்தை நீட்டினால் நாம் என்ன செய்வோம்? நாலில் டிக் அடித்துவிட்டு நடையைக் கட்டுவோம். அஞ்சு போட்டால் ஜால்ரா. மூணு போட்டால், 'ஏன் ஸார், என்ன குறை?' என்று பிடித்துக்கொள்வார்கள். இந்த நாலை நம்பித்தான் பல கம்பெனிகள் பணத்தைக் கொட்டுகின்றன!

எனக்குப் பிழைப்பு ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில். ஜனங்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. ('பார்க்கிறதுக்குச் சம்பளமாடா?' - இது அம்மா.) எதை, எப்படிப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனிக்கு ஒரு தலைவலி. பெரிய பச்சைப் பட்டனை அமுக்கினால் போதும் என்று விளம்பரம் செய்து ஒரு காப்பி மிஷினை விற்றார்கள். வாங்கியவர்களோ, 'ஐயோ, கஷ்டமா இருக்கே' என்றார்கள். கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் லூசி சச்மன் என்ற பெண்மணி இருந்தார். படித்தது இன்ஜினீயரிங் அல்ல, மானுடவியல். அவர் ஃபாரம் அடிக்கவில்லை. மிஷின் முன்னால் இரண்டிரண்டு பேராக நிறுத்தி வீடியோ எடுத்தார்.

ஏன் இரண்டு பேர்? தனி ஆளிடம், 'மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்க' என்றால் நெளிவார். ஜோடியாக விட்டால், 'இது எதுக்குப்பா?', 'அதைத் தொடாதே!' என்று எல்லாம் தானாக வெளியே வந்துவிடும்.

அப்படி மாட்டிய ஜோடி ஒன்றில் இருந்தவர் ஆலன் நியூவெல். செயற்கை அறிவுத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர்! கூட நின்றவரும் கம்ப்யூட்டர் புலி. தாளின் இரண்டு பக்கமும் காப்பி எடுக்க இருவரும் திண்டாடினார்கள். 'உபயோகிக்கிறவன் மக்கு' என்று இனி எந்த இன்ஜினீயர் வாய் திறப்பார்? பட்டனை அமுக்கியது மட்டும்தான் மிஷினுக்குத் தெரிகிறது, என்ன நினைத்து அமுக்கினார்கள் என்பது தெரிவதில்லை என்று கண்டுகொண்டார் சச்மன். 1987-ல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

எதிர்ப்பக்கம் கோகோ கோலா. சுமார் 2 லட்சம் பேருக்குக் கொடுத்து ருசி பார்த்து, 1985 ஏப்ரலில் புது ஃபார்முலாவை இறக்கினார்கள். ஜனங்கள் கொதித்துப்போக, 79 நாளில் பழசு திரும்பி வந்தது. 'எது ருசி?' என்பது ஒரு கேள்வி. 'பழசை எடுத்துவிட்டால் சும்மா இருப்பீர்களா?' என்பது வேறு. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து இரண்டாவதற்கு முடிவெடுத்தால், 2 லட்சம் பேர் என்ன, 2 கோடி பேர் இருந்தும் பிரயோஜனமில்லை.

எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டுமா, கூட்டம் தேவை. எங்கே முட்டிக்கொள்கிறார்கள், ஏன் என்று தெரிய ஐந்து பேர் போதும் என்றார் ஜேகப் நீல்சன், 2000-ல். அவர் கணக்குப்படி ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் கோளாறு தெரிந்துவிடும். திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேர். (ஐந்து பேரை வைத்துச் சதவீதம் சொல்கிறவரைக் கண்டால் ஓடிவிடுங்கள்.)

போன மாசம் எங்களிடம் வந்தது பென்ஷன்காரர்களுக்கான ஆப். 'லைஃப் சர்ட்டிபிகேட்' போய்ச் சேரவில்லை என்றால் பென்ஷன் நின்றுவிடும், விளையாட்டில்லை. மேனேஜர், 'ஆயிரம் பேருக்கு ஃபாரம் அனுப்பு' என்றார். 'முதல்ல அஞ்சு பேர், அப்புறம் ஆயிரம்' என்று மல்லுக்கு நின்றேன். வந்த ஐந்து பெரியவர்களில் மூன்று பேர், ஓ.டி.பி. நம்பரைப் பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் ஆப் முதல் பக்கத்துக்கு ஓடிவிட்டது. மறுபடி ஆரம்பம், மறுபடி ஓ.டி.பி. மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்ட ஒரு தாத்தா, போகும்போது என்னிடம் சொன்னது: 'ஆப் நன்னாத்தான் இருக்கு தம்பி. எனக்குத்தான் தெரியலை.'

ஃபாரத்தில் அவர் நாலு போட்டிருப்பார்.

வீடியோவை மேனேஜர் இரண்டு தரம் பார்த்தார். ஓ.டி.பி. பக்கத்தை மாற்றியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள். சர்க்கரை இல்லாத காப்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.