மடியில் மழலை, கீழே 35,000 அடி
நீண்ட விமானப் பயணத்தில் குழந்தைகள் அழுவது அடத்தால் அல்ல. காரணம் தெரிந்த பெற்றோருக்குப் பாதிப் பயணம் அப்போதே சுலபமாகிவிடுகிறது.

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே இருக்கும் ஸ்ரீவராகத்தில் விமானச் சத்தம் கேட்டு யாரும் தலை நிமிர்வதில்லை. வராகமூர்த்தி கோயில், அதன் பெரிய குளம், நெருக்கமான வீடுகள். விமான நிலையம் அதிக தூரமில்லை. ஆனால் வளைகுடா நாடுகளில் பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும், இன்னும் தூரத்தில் நியூ ஜெர்சியிலிருந்தும் பேரக் குழந்தைகள் வரும் காலம் அது.

டாக்ஸியிலிருந்து பெட்டிகள் இறங்குவதற்குள் பாட்டிமார்கள் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தை ஃப்ளைட்டில் சமர்த்தாக இருந்ததா?" பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: "வழியெல்லாம் ஒரே அழுகை." இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. விடுமுறையே இரண்டு, மூன்று வாரம்தான். அதில் முதல் சில நாட்கள் காது வலியிலும் தூக்கக் கலக்கத்திலும் கழிந்தால் தாத்தாவின் மடிக்குக் குழந்தை வருவதற்குள் திரும்பும் தேதி வந்துவிடுகிறது. ஒரு மோசமான பயணத்துக்குப் பிறகு, "இவன் கொஞ்சம் பெரியவன் ஆகட்டும்" என்று அடுத்த பயணத்தைத் தள்ளிப்போடும் தம்பதிகளும் உண்டு. நஷ்டம் இங்கே காத்திருப்பவர்களுக்கு.

குழந்தைகள் ஏன் அழுகிறார்கள்? விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. ஏறக்குறைய ஊட்டியின் உயரம். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்கிறதே, அதேதான் இங்கும் நடக்கிறது. தொண்டையின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்து மூடினால்தான் செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கிறது. பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சமாளித்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகல். விழுங்க வேண்டும் என்பதும் தெரியாது.

இங்கேதான் பல பெற்றோர் கணக்குத் தப்புகிறது. விமானம் கிளம்பும்போது பாட்டிலும் கையுமாகத் தயாராக இருப்பவர்கள், இறங்கும்போது "தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் காதுக்கு அதிகச் சோதனை இறங்கும்போதுதான். தரையைத் தொடுவதற்கு சுமார் அரைமணி நேரம் முன்பே விமானம் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தையை மெதுவாக எழுப்பி, நிமிர்த்தி உட்காரவைத்துத் தாய்ப்பாலோ பாட்டில் பாலோ கொடுப்பது நல்லது. நான்கைந்து வயதுக்காரர்களுக்கு ஸ்ட்ராவில் தண்ணீர் போதும். சளியோ காதுவலியோ இருந்தால் புறப்படுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அழுத்தம் வயிற்றையும் விடுவதில்லை. ஊரிலிருந்து திரும்பும்போது கைப்பையில் வைத்த நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் நடுவானில் பலூன் போல உப்பியிருப்பதைப் பார்த்திருக்கலாம். வயிற்றில் இருக்கும் வாயுவும் அப்படித்தான் விரிகிறது. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது வீட்டில் இருப்பதைவிட இங்கே முக்கியம். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்குச் சோடா, கோலா வகைகளைத் தவிர்ப்பது உத்தமம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. கடற்காற்றுக்குப் பழகிய உடம்புக்கு அது பாலைவனம். மூக்கு காய்கிறது, உதடு வெடிக்கிறது. அடிக்கடி பாலோ தண்ணீரோ கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் மட்டும் போதும்.

தூக்க மருந்து என்ற சபலம்

"ஒரு ஸ்பூன் சிரப் கொடுத்தால் இறங்கும்வரை தூங்குவான்" என்ற யோசனை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அலர்ஜிக்கும் சளிக்கும் தரப்படும் சில மருந்துகள் தூக்கம் வரவழைப்பது உண்மை. ஆனால் சில குழந்தைகளிடம் அவை நேர்மாறாக வேலை செய்து, தூங்கவிடாமல் ஆட்டிப்படைக்கின்றன. ஆபத்து அதைவிடப் பெரியது. புரோமெதசின் என்ற மருந்து மூச்சைத் தடுக்கக்கூடும் என்பதால் 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004ல் கடுமையாக எச்சரித்தது. டாக்டர் சொல்லாமல் எதையும் கொடுக்கக்கூடாது.

மடியா, தனி சீட்டா?

2 வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். சர்வதேச விமானங்களில் இதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவுக்கு வாங்குகிறார்கள். சிக்கனம்தான், ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. 1989 ஜூலை 19ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம் விழுந்து நொறுங்கியபோது, மடியில் இருந்த குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பணிப்பெண்கள் சொன்னார்கள். அன்றைய விதி அது. அந்தக் குழந்தைகளில் ஒன்று இறந்தது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் பிறகு பல ஆண்டுகள் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கேட்டுப் போராடினார். சட்டம் மாறவில்லை. கட்டணம் கூடினால் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலை அதைவிட ஆபத்து என்பது அதிகாரிகளின் வாதம். ஆனாலும் குழந்தைக்குத் தனி இருக்கையும் அதற்கேற்ற பெல்ட் வைத்த நாற்காலியும்தான் பத்திரம் என்று அமெரிக்க விமானத் துறையே சிபாரிசு செய்கிறது.

தனி சீட்டுக்கு வசதியில்லை என்றால் தொட்டில் வசதியுள்ள முன்வரிசையை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். தொட்டில்கள் சில மட்டுமே; எடை வரம்பும் உண்டு, அது விமானத்துக்கு விமானம் மாறும். பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தை தூங்கினாலும் தொட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பெரிய குழந்தைகளுக்கு ஒரு நல்ல செய்தி: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவில் பயணம் செய்யும் அப்பா அல்லது அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து நியூயார்க் மேலும் 14 மணி நேரத்துக்குக் குறையாது. இந்த நேரத்தைத் தள்ளுவது எப்படி? டப்லெட்டைக் கையில் கொடுத்துவிடுவதுதான் இன்றைய சுலப வழி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ம் ஆண்டு யோசனை. நடுவானில் அதைக் கொஞ்சம் மீறினால் குடிமுழுகிப் போகாது. ஆனால் திரை மட்டுமே கைகொடுக்காது. மூன்றாவது மணி நேரத்தில் அதுவும் அலுத்துவிடும்.

அனுபவசாலி அம்மாக்களின் தந்திரம் எளிமையானது. எல்லா விளையாட்டுச் சாமானையும் ஒரே சமயத்தில் காட்டுவதில்லை. குழந்தை முன்பு பார்த்திராத ஐந்தாறு சின்னப் பொருட்களைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, மணிக்கு ஒன்றாக எடுக்கிறார்கள். ஸ்டிக்கர் புத்தகம், நான்கு கிரேயான், விரலில் மாட்டும் பொம்மை. பிரிப்பதிலேயே பத்து நிமிடம் ஓடிவிடும். பழைய காகிதத்தில் கப்பலும் காமிராவும் மடிக்கத் தெரிந்த அப்பாவுக்கு மதிப்பே தனி. நேரம் போகப் போக, மெதுவான குரலில் சொல்லும் கதைக்கு ஈடு எதுவும் இல்லை. நடுவில் இரண்டு முறை நடைபாதையில் நடத்திக் கூட்டிவருவதும் நல்லது. கடலை, கெட்டி மிட்டாய் போன்ற தொண்டையில் சிக்கும் தீனி மட்டும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது.

கைப்பையில் மணிக்கு ஒன்று என்று கணக்கிட்டு டயபர்கள், குழந்தைக்கு இரண்டு மாற்று உடை, அம்மாவுக்கும் ஒரு மாற்று உடை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு 100 மில்லி என்ற வரம்பு இருந்தாலும் வழியில் தேவைப்படும் குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. சோதனையின்போது எடுத்துக் காட்டினால் போதும்.

திருவனந்தபுரத்துக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் முடிவில் பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று பல மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்கள் அந்த இரண்டு நாட்களில் விமானத்தின் மாற்று நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

வீடு சேர்ந்த பிறகும் பயணம் முடிவதில்லை. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். குழந்தை கவனிப்பதே இல்லை. நியூயார்க்குக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம். உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஒரு வாரம் நள்ளிரவில் விளையாட்டும் நண்பகலில் தூக்கமும் இருக்கத்தான் செய்யும். வைத்தியம் வெளிச்சம்தான். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து, காலை வெயிலில் வெளியே கூட்டிப்போக வேண்டும். இரவில் விழித்தால் விளக்கைப் போடாமல் சமாதானப்படுத்த வேண்டும்.

அந்த வாரத்துக்கு ஸ்ரீவராகத்தில் ஆள் தட்டுப்பாடு இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பேரன் விழித்தால் அலுப்பில் அசந்து தூங்கும் அம்மாவை எழுப்பாமல் தூக்கிக்கொள்ளப் பாட்டி இருக்கிறாள். விடிந்ததும் தாத்தா அவனைக் குளக்கரைக்குக் கூட்டிப்போவார். தலைக்கு மேலே ஒரு விமானம் போகும். இந்த முறை தாத்தாவும் நிமிர்ந்து பார்ப்பார், அது பேரனுக்குக் காட்டுவதற்காக.