கூடல் நகரைக் காக்கும் கவசம்

ஒத்தக்கடையில் நிமிர்ந்து பார்த்தால் யானைமலை. மதுரையை அழிக்க ஏவிவிட்ட யானை, சோமசுந்தரரின் அம்பு பட்டுக் கல்லாய்ப் படுத்துவிட்டது என்கிறது திருவிளையாடற் புராணம். அதே புராணத்தில் வருணன் ஏவிய மேகங்கள் ஊரை மூழ்கடிக்க வருகின்றன. சிவபெருமான் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை அனுப்ப, அவை நான்கு மாடங்களாகக் கூடி ஊரின்மேல் கவிந்து மழையைத் தடுத்துவிடுகின்றன. நான்மாடக்கூடல் என்ற பெயருக்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் விண்கலத்தைச் சுற்றி எழும் கவசமும், 2018-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் வகாண்டாவை மூடும் ஒளிக்கூடாரமும் இதே ஆசையில் பிறந்த கற்பனைகள்தாம். கண்ணுக்குத் தெரியாத சுவர். வருவது எதுவானாலும் அதில் மோதி நிற்க வேண்டும்.

நம் ஊர் வழக்கத்திலும் இப்படியொரு சுவர் உண்டு. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கமாட்டார்கள். அந்த எல்லையில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை; ஆனாலும் கால் தாண்டாது.

ஆனால் இயற்பியல் சொல்லும் புலம் இப்படிப்பட்ட சுவர் அல்ல. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் கோடு கோடாக அமைவதை வைத்து, வெற்றிடமாகத் தெரிகிற இடத்திலும் ஏதோ இருக்கிறது என்று 1840-களிலேயே வாதாடினார் மைக்கேல் ஃபாரடே. காந்தப்புலம் எதையும் முட்டி நிறுத்துவதில்லை. மின்னூட்டம் உள்ள துகள் குறுக்கே பாய்ந்தால் அதன் பாதையை வளைத்துவிடும், அவ்வளவுதான். பூமியின் காந்தப்புலம் நம்மைக் காப்பதும் இந்த வளைப்பால்தான். துருவங்களில் விசைக்கோடுகள் தரைக்குள் இறங்குவதால் துகள்கள் அவற்றை ஒட்டியே வழுக்கி வந்துவிடும். காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் இங்கே அந்தக் கோடுகள் ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. விண்வெளியிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் அவற்றைக் குறுக்கே வெட்டித்தான் வரவேண்டும். அந்தக் கதிர்களுக்கு எதிரான காந்தக் காவல் உலகிலேயே மிக வலுவாக இருக்கும் பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. நான்மாடக்கூடல் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி என்ன இருக்க முடியும்!

அந்தக் கவசமும் ஒருமுறை தளர்ந்தது. 2015 ஜூன் 22 அன்று, ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 கூடத்தில், வழக்கத்துக்கு மாறாகக் காஸ்மிக் கதிர் வரவு சுமார் 2 மணி நேரம் கூடியது. சூரியனிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 25 லட்சம் கி.மீ. வேகத்தில் வந்த மின்ம (பிளாஸ்மா) மேகம் புவியின் காந்தப்புலத்தை நெருக்கியிருந்தது. பூமியின் ஆரத்தைப்போல் 11 மடங்கு தொலைவில் இருந்த புல எல்லை 4 மடங்காகச் சுருங்கியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். ஊட்டியில் பிடிபட்டவை அந்தத் தளர்வில் நுழைந்த கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கிய மியூவான் என்னும் துகள்கள்.

இதே மியூவான்களைப் பதிவுசெய்ய மதுரையிலேயே 85 டன் இரும்பால் ஆன ‘மினி-ஐகால்’ கருவி 2018-இல் இயங்கத் தொடங்கியது. அதனுள் இருக்கும் காந்தப்புலம் சுமார் 1.4 டெஸ்லா, நம் மண்ணின் இயற்கையான புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். நேர்மின் மியூவான் ஒரு பக்கம் வளையும், எதிர்மின் மியூவான் மறுபக்கம் வளையும். தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து அமைக்கவிருந்த 50,000 டன் கருவிக்கு இது முன்னோட்டம். அந்தப் பெரிய திட்டத்தை மக்கள் எதிர்த்தார்கள், மாநில அரசும் ஏற்கவில்லை. மலையைப் பற்றிய மக்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சர்ச்சையில் இந்தச் சிறிய கருவியின் பெயர்கூட மதுரைப் பிள்ளைகளின் காதுக்கு எட்டாமல் போனது வருத்தம் தருகிறது. பள்ளியில் சட்டக்காந்தத்தையும் இரும்புத்தூளையும் காட்டும் ஆசிரியர்கள், ஊட்டியின் அந்த 2 மணி நேரத்தையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும்.