எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள்

என் மகளுக்கு ஏழு வயது. பாட்டி தொலைபேசியில் சொன்ன கதையை, நரிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல் என்று மாற்றி அப்படியே திருப்பிச் சொல்வாள். அதே கதையைப் புத்தகமாகக் கொடுத்தால் முதல் வரியைத் தாண்ட ஐந்து நிமிடம் ஆகும். இந்த வரியில் சரியாகப் படித்த சொல்லை அடுத்த வரியில் புதியவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன், திட்டியும் இருக்கிறேன். இங்கே அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பில் பள்ளியே பரிசோதித்து, டிஸ்லெக்சியா என்றார்கள்.

கூடவே ஒரு யோசனையும் வந்தது. இரண்டு மொழி குழந்தையைக் குழப்புகிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிடுங்கள் என்று. நலம் விரும்பிகள் சொன்னதுதான். ஆனால் தமிழை நிறுத்தினால் பாட்டியின் கதையும் அல்லவா நின்றுபோகும்? அதனால்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். அவர் எழுதியது மூளை பாதிக்கப்பட்டு வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி. பிறவியிலேயே இப்படி இருக்கக்கூடும் என்று 1896-இல் எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர். அவர் விவரித்த பெர்சி என்ற 14 வயதுப் பையன் கெட்டிக்காரன், கணக்கு வரும், படிக்க மட்டும் வராது. 'பிறவிச் சொற்குருடு' என்று மார்கன் பெயர் வைத்தார். அந்தப் பெயராலோ என்னவோ, கோளாறு கண்ணில் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் டிஸ்லெக்சியா என்பார்கள். ஆங்கில 'பி'யையும் 'டி'யையும் மாற்றிப் போடாத குழந்தை உண்டா?

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் காதுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிறது. காது கேட்பதில் குறையில்லை. 'கல்' என்று சொல்லும்போது நமக்கு ஒரே ஓசைதான் கேட்கிறது. அதை க், அ, ல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தோடு முடிச்சுப் போட மனம் பழக வேண்டும். மற்ற குழந்தைகள் சில மாதங்களில் பழகிவிடும் இது, இவர்களுக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

பரிசோதனையில் அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு விசித்திரமாக இருந்தது. விளக்கிய பிறகுதான் புரிந்தது: தெரிந்த சொல்லை உருவத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம், இல்லாத சொல்லை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். அதைக் கேட்டபோது எனக்கு லேசாக வியர்த்தது. ஏனென்றால் நான் படித்ததே அப்படித்தான். ஆங்கிலச் சொற்களைப் படம் படமாக மனப்பாடம் செய்தேன். நிரல் எழுதுபவர்களுக்குச் சொன்னால் புரியும், விதி எதுவும் இல்லாமல் வெறும் அட்டவணையைத் தேடி விடை சொல்கிற நிரல். டிக்டேஷனில் தப்பிய சொற்களை ஐம்பது முறை இம்போசிஷன் எழுதியதுதான் எனக்குக் கிடைத்த சிகிச்சை. எம்.எஸ். முடித்து வேலைக்கு வந்த பிறகும் அனுப்பும் மின்னஞ்சலை மூன்று முறை படிப்பேன். டிஸ்லெக்சியா குடும்பங்களில் தொடர்ந்து வருவது என்கிறார்கள். நான் பரிசோதித்துக்கொள்ளவில்லை, அவசியமும் தோன்றவில்லை.

மொழிக்கு வருவோம். 2001-இல் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வந்தது. வாசிக்கும்போது மூவர் மூளையிலும் ஒரே பகுதியில்தான் இயக்கம் குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். இத்தாலியத்தில் எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும். ஆங்கிலத்தில் 'ஓ-யு-ஜி-ஹெச்' என்ற நான்கெழுத்து டஃப், காஃப், த்ரூ, தோ என்று ஊருக்கு ஒரு வேஷம் போடும். இதற்கும் முன்னால் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பையன் ஒருவனைக் குறிப்பிடுகிறார்கள். ஆங்கிலம் படிக்கத் திணறியவன், ஜப்பானிய மொழியைச் சரளமாகப் படித்தான்.

அப்படியானால் தமிழ் எளிதா? பாதி எளிது. எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். ஆனால் 247 எழுத்து. 'கெ' எழுதும்போது, வாய் பிறகு சொல்லும் உயிரொலிக்கான கொம்பைக் கை முதலில் போட வேண்டும். 'கொ'வில் அது இரண்டு பக்கமும் நிற்கும். போதாததற்கு ல-ள-ழ, ந-ன-ண. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 'ணா, றா, னா' போன்றவற்றின் தனி உருவங்களாவது ஒழிந்தன. பழைய புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வகையில் எம்.ஜி.ஆர். அரசுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன்.

இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, ஒன்றை விட்டால் போவதுமில்லை. தமிழை நிறுத்தவில்லை.

பள்ளியில் அவளுக்கு ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில் சொல்லித்தருகிறார்கள். 1930-களில் உருவானது. ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே எழுத்தை மணலில் விரலால் எழுத வேண்டும். மணல் தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் செய்தது வேறென்ன? ஆனால் இந்த முறையில் எந்த ஒலி முதலில், எது அடுத்து என்று கறாரான வரிசை உண்டு, ஒன்று படியாமல் அடுத்ததற்குப் போவதில்லை. நாங்கள் வீட்டில் அரிசித் தட்டில் தமிழுக்கும் அதையே செய்கிறோம், வாரத்துக்கு இரண்டே எழுத்து.

இங்கே 1975-இலிருந்து சட்டம் இருப்பதால் பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும். வாயால் கேட்டுவிட்டுக் காத்திருந்து நான் நான்கு மாதம் வீணாக்கினேன். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-இலிருந்து இயங்குகிறது. என் இம்போசிஷன் நோட்டுகளுக்கும் முந்தையது.

தமிழ் வகுப்பு ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அவளை உரக்கப் படிக்கச் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் கதை சொல்கிறாள். போன முறை நரிக்குக் கொடுத்த குரல் என்னுடையது என்று மனைவி சொல்கிறாள்.