மருந்து அல்ல, நஞ்சு

கத்தரிச் செடியில் புழு விழுந்தால் விவசாயி கடைக்குப் போகிறார். "மருந்து கொடுங்கள்" என்று கேட்கிறார். கடைக்காரரும் மருந்து என்றே எடுத்துக் கொடுக்கிறார். மருந்து நோயைத் தீர்க்கும். ஆனால் இந்தப் புட்டியில் இருப்பது நஞ்சு.

"வாயில் படவில்லையே, என்ன ஆகிவிடும்?" என்று பலர் நினைக்கிறார்கள். நஞ்சு தோல் வழியாகவும் உள்ளே போகும். மூச்சு வழியாகவும் போகும். முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வேகமாக இறங்கும். முதுகில் சுமக்கும் டேங்க் ஒழுகினால் சட்டை நனையும். ஈரச் சட்டை உடம்பில் இருக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும்.

2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டு பருத்தி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. தெளித்தது முகத்திலேயே விழுந்தது. பாகல், புடலைப் பந்தலுக்கு அடிப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி வேண்டும். வெயிலில் இவற்றைப் போட்டுக்கொள்வது கடினம்தான். அதனால் வெயில் ஏறுமுன் அடிப்பது நல்லது. மூக்கில் துண்டு கட்டினால் போதாது. நனைந்த துண்டு நஞ்சை மூக்கருகிலேயே வைத்திருக்கும். காற்று எதிரே அடித்தால் தெளிக்கக் கூடாது. நாசில் அடைத்தால் சிலர் வாய் வைத்து ஊதுகிறார்கள். இது நஞ்சை நக்குவது போல.

புட்டியில் ஒரு சதுரம் முனையில் நிற்பது போல அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள். பிறகு நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான், வேகம் குறைவு. உள்ளே மடித்து வைத்த தாளையும் படிக்க வேண்டும். எழுத்து எறும்பு போல இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கும். இங்கேதான் சிக்கல். கத்தரிக்காயைச் சில நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். ஓட்டை விழுந்த காயை வியாபாரி எடுக்கமாட்டார். விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் வழி உண்டு. முதலில் காயைப் பறித்துவிட்டு, பிறகு அடிக்கலாம். காத்திருக்கும் நாள் குறைவான மருந்தைக் கேட்டு வாங்கலாம். வாடிய நுனித் தண்டுக்குள் புழு இருக்கும். அதைக் கிள்ளி அழித்தால் மருந்துச் செலவும் குறையும்.

2013ஆம் ஆண்டு பீகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. ஆகவே மருந்துப் புட்டி சமையல் அறைப் பக்கமே வரக் கூடாது. காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ வைக்கக் கூடாது. கழுவினாலும் நஞ்சு முழுதும் போகாது. மருந்து அடித்த துணியை மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். துவைக்கும் பெண்ணின் கையிலும் அது ஏறும்.

தலை சுற்றினால், வாந்தி வந்தால், கண் மங்கினால், எச்சில் ஊறினால் வேலையை உடனே நிறுத்த வேண்டும். நனைந்த துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே புட்டியையும் எடுத்துப் போக வேண்டும். எல்லா நஞ்சுக்கும் ஒரே மாற்று மருந்து கிடையாது. பெயரைப் படித்தால் மருத்துவர் சீக்கிரம் முடிவு செய்வார்.