21-வது ஆள்

2020 ஜூன் 19 ஞாபகம் இருக்கா சார்? சென்னையோடு தாம்பரத்துக்கும் சேர்த்து மறுபடி முழு ஊரடங்கு ஆரம்பித்த நாள். 'வண்டியை எடுக்காதே, இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து போய்க் காய்கறி வாங்கிக்கோ' என்றார்கள். நடந்தோம். அந்த வாரம்தான் சேலையூரில் பெரியப்பா தவறிப் போனார். சாவுக்கு 20 பேர்தான் அனுமதி. நான் 21-வது ஆள். தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதே 19-ம் தேதி, லண்டனில் 'யாரும் கூடாதீங்க' என்று சட்டம் போட்ட பிரதமர் போரிஸ் ஜான்சன், தன் 56-வது பிறந்தநாளுக்கு ஆபீசிலேயே ஆட்களோடு கூடினார். 2022-ல் போலீஸ் அபராதம் போட்டது. பார்லிமென்ட்டை ஏமாற்றினாரா என்ற விசாரணை முற்றியதும், 2023-ல் எம்.பி. பதவியையும் விட்டுப் போனார்.

நம்ம ஊரில்? மாஸ்க் போடாத நமக்கு 200 ரூபாய் ரசீது. 2021 தேர்தலில் கட்சி பேதமில்லாமல் கூட்டம் சேர்த்த தலைவர்களுக்கு மாலை! 'தேர்தல் கமிஷன் மீது கொலை வழக்கே போடலாம்' என்கிற அளவுக்கு ஏப்ரல் 26 அன்று ஹைகோர்ட் கொதித்ததுதான் மிச்சம்.

சாவு வீட்டில் 21-வது ஆள் ஆபத்து. பிரசார மைதானத்தில் இருபதாயிரமாவது ஆள் ஓட்டு. பி.காம். படித்தும் எனக்கு இந்தக் கணக்கு மட்டும் இன்னும் டேலி ஆகவில்லை!