ஒரு டேப் கீயும் ஒரு டஜன் நண்பர்களும்!

லேப்ல மேக்ஃபைல் எழுதியிருக்கீங்களா? எழுதினவங்களுக்கு அந்தக் கொடுமை தெரியும். எல்லாமே சரியா இருக்கும். ஆனா, 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்'னு ஒரே ஒரு வரியைத் துப்பிட்டு நின்னுடும். காரணம், வரியோட ஆரம்பத்துல டேப் கீக்குப் பதிலா ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பீங்க. ரெண்டுமே திரையில வெறும் வெள்ளை இடம்தான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் சிக்காது!

அந்த டேப்புக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. ஃபைனல் இயர் பிராஜெக்ட் பண்ணப் போறவங்க அவசியம் கேட்க வேண்டிய கதை.

வருஷம் 1976. இடம், அமெரிக்காவின் பெல் லேப்ஸ். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் என்பவரின் அறைக்குள் விதியைத் திட்டிக்கொண்டே நுழைகிறார் ஸ்டீவ் ஜான்சன். நாம கம்பைலர் லேப்ல மாரடிக்கிற 'யாக்' புரோகிராமை எழுதினவர் இவர்தான். அவர் பிரச்னை இதுதான்: புரோகிராமில் இருந்த தப்பைத் திருத்திவிட்டார். ஆனால், அந்த ஃபைலைத் திரும்ப கம்பைல் பண்ணவில்லை. விளைவு, சரியாக இருந்த புரோகிராமில் தப்பைத் தேடியே ஒரு காலைப்பொழுது காலி! 'எந்த ஃபைல் மாறியிருக்கோ அதை மட்டும் தானாவே கம்பைல் பண்ணிக்கிட்டா எப்படி இருக்கும்?' என்று யோசித்த ஃபெல்ட்மேன், அந்த வார இறுதியிலேயே 'மேக்' வேலையை ஆரம்பித்தார்.

எந்த ஃபைலுக்கு எது வேணும், அதுக்கு எந்தக் கட்டளையை ஓட்டணும்... மேக்ஃபைல்ல இதை மட்டும்தான் எழுதுவோம். இப்படி ஒரே ஒரு துறைக்குன்னே பொறந்த குட்டி மொழிக்குப் பேர்தான் டொமைன் ஸ்பெசிஃபிக் லாங்குவேஜ். சுருக்கமா டிஎஸ்எல். சி, ஜாவா எல்லாம் ஆல்ரவுண்டர்னா, டிஎஸ்எல் விக்கெட் கீப்பர் மாதிரி. டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல், புத்தகம் அச்சுக்கோக்க டெக்... எல்லாம் இந்த ஜாதிதான்.

கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்பது ஃபெல்ட்மேன் அவசரத்துக்குப் போட்ட விதி. சில வாரங்களிலேயே அது தொல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால், அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய ஃபைல்களை உடைக்க மனசு வராமல் விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக விட்டது, இன்னிக்கும் நம்மளைப் படுத்துது! 2010-ல் வந்த குனு மேக் 3.82, டேப்புக்குப் பதிலா வேற எழுத்தை வெச்சுக்கலாம்னு வழி குடுத்துச்சு. ஆனா, நாமளா மாத்தாத வரைக்கும் டேப்தான். இத்தனைக்கும் மேக் ஒண்ணும் மொக்கை இல்லை. அதுக்காக 2003-ல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது வாங்கினவர் ஃபெல்ட்மேன்.

அதாவது, குட்டி மொழியைப் பெத்துப் போடறது ஈஸி பாஸ். வளர்க்கிறதுதான் பெரும்பாடு!

புதுசா ஒரு வார்த்தையைச் சேர்த்தாக்கூட வில்லங்கம்தான். 2018-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-ல் 'ரேங்க்' என்கிற வார்த்தையை மொழி தனக்குன்னு ஒதுக்கிக்கிச்சு. மார்க் லிஸ்ட் டேபிள்ல 'ரேங்க்'னு காலம் வெச்சிருந்தவங்க கதி? நேத்து வரைக்கும் ஓடின க்வெரி, அப்கிரேட் பண்ணதும் எரர்! பேரை மாத்தணும், இல்லைன்னா பேக்டிக் போட்டுக் காப்பாத்தணும்.

இதுக்கு நேர் எதிர் ரூட்டில் போனவர் டொனால்ட் கனூத். 1977-ல் டெக் வேலையைத் தொடங்கியவர், 1990-ல் இனி புது வசதி எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்தார். பிழைகளை மட்டும் திருத்துவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெர்ஷன் எண்ணில் 'பை'யின் ஒரு இலக்கம் கூடும்: 3.14, 3.141, 3.1415... 2021-ல் வந்தது 3.141592653. புது வசதி கேட்கிறவங்க வேற பேர்ல வேற புரோகிராம் எழுதிக்கலாம். பழைய ஃபைல் எதுவும் உடையாது.

'இதெல்லாம் பெரிய தலைகளோட கவலை, எனக்கென்ன?'ங்கறீங்களா? டிபார்ட்மென்ட்ல எக்ஸாம் சீட்டிங் போட ஒரு புரோகிராம் எழுதறீங்கன்னு வெச்சுக்கங்க. முதல்ல ஹால் நம்பர், பெஞ்ச் எண்ணிக்கை மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல. அப்புறம், 'ஒரே கிளாஸ் பசங்க பக்கத்துல பக்கத்துல உட்காரக் கூடாது'ன்னு ஒரு விதி. அடுத்து, 'அரியர்காரங்களுக்கு மட்டும் தனி வரிசை'ன்னு ஒரு 'இஃப்'. முடிஞ்சது! உங்களுக்கே தெரியாம ஒரு மொழியைப் பெத்துட்டீங்க. நீங்க டிகிரி வாங்கிட்டுப் பறந்துடுவீங்க. எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி அது மக்கர் பண்ணா, முழிக்கப் போறது உங்க ஜூனியர்!

அதனால, நாலே விஷயம்...

முதல்ல, புது மொழி தேவையான்னு யோசிங்க. பைத்தான்ல நாலு ஃபங்ஷன் எழுதினா வேலை முடியும்னா, அதோட விட்டுடுங்க.

தேவைதான்னா, ஃபைலோட முதல் வரியிலேயே மொழியின் வெர்ஷன் நம்பரைக் கேட்டு வாங்குங்க. நாளைக்கு விதி மாறினாலும் பழைய ஃபைலை அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்.

எரர் மெசேஜ்ல கஞ்சத்தனம் வேண்டாம். 'வரி 14: டேப் இருக்க வேண்டிய இடத்துல ஸ்பேஸ் இருக்கு'ன்னு புட்டுப் புட்டு வைக்கணும்.

கடைசியா, மத்தவங்க எழுதின பழைய ஃபைல்களை ஒரு ஃபோல்டர்ல சேர்த்து வையுங்க. மொழியில கை வைக்கிறப்ப எல்லாம் அத்தனையையும் ஓட்டிப் பாருங்க. எது உடையுதுன்னு ஜூனியருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

சின்னதா ஒரு உறுத்தல் இருந்தா, யூஸ் பண்றவங்க நாலு பேரா இருக்கும்போதே சரி பண்ணிடுங்க மக்களே. நாலு பேருக்கு ஒரு ட்ரீட் வெச்சு சமாதானம் பண்ணிடலாம். நாற்பதாயிரம் பேர் ஆயிட்டா எந்த கேன்டீன்லயும் இடம் பத்தாது!